மனைப்பிரிவும் மழைநீரும்: பேரணாம்பட்டுச் சரிவில் விதிகளின் நிலை

ஒரு நிலத்தில் விழும் மழையில் எவ்வளவு அங்கேயே தங்குகிறது, எவ்வளவு எல்லை தாண்டி ஓடுகிறது என்பதை அந்த நிலத்தின் மேற்பரப்பே தீர்மானிக்கிறது. மண், வரப்பு, புல், புதர் இருக்கும் வரை நீர் நின்று ஊறும். மிச்சம் மெல்ல நகரும். மண்ணைச் சமன்படுத்தி, வரப்பை அழித்து, சாலை போட்டுக் கூரை வேய்ந்துவிட்டால் அதே மழை, அதே நாளில், சில நிமிடங்களில் எல்லையைக் கடந்துவிடும். இப்படிக் கடக்கும் நீருக்குப் பொறியியலில் ஓடுநீர் என்று பெயர். நிலத்தை மனையாகவோ தொழிற்கூடமாகவோ மாற்றும்போது கூடுகிற ஓடுநீரை யார், எங்கே, எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று உள்ளூர் அளவில் வகுக்கப்படுவனவே மழைநீர் மேலாண்மை விதிகள். தமிழ்நாட்டில் இவை ஒரே சட்டமாக இல்லை. கட்டட விதியில் ஒரு துண்டு, மனைப்பிரிவு விதியில் ஒரு துண்டு, நீர்நிலைச் சட்டத்தில் ஒரு துண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் ஒரு துண்டு எனச் சிதறிக் கிடக்கின்றன. துண்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது பேரணாம்பட்டு போன்ற ஊரில்தான் தெளிவாகத் தெரியும்.

பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்து மலையடிவார ஊர்; தோல் பதனிடும் ஊரும்கூட. ஆந்திர எல்லையை ஒட்டிய காட்டு மலைகளிலிருந்து இறங்கிவரும் மலட்டாறு ஊரை ஒட்டி ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. பெயருக்கேற்ப அது ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் கரை தெரியாமல் வரும். வேலூர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 900 முதல் 1,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவத்திலும் பெய்யும், வடகிழக்குப் பருவத்திலும் பெய்யும். அடியில் கடினப் பாறை, மேலே அதிக ஆழமில்லாத மண். நீரை உறிஞ்சிக்கொள்ளும் திறன் இங்கே இயல்பிலேயே குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் முன்னோர் சரிவெங்கும் ஏரிகளைக் கட்டினார்கள், வரத்துக்கால்களை வெட்டினார்கள், பாலாற்று மணலுக்குள் ஊற்றுக்கால்களைத் தோண்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

ஒரு ஏக்கரின் கணக்கு

விதிகளுக்குள் போகுமுன் அவை கட்டுப்படுத்த வேண்டிய பொருளின் அளவைப் பார்த்துவிட வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 2,02,000 லிட்டர். மேட்டு நிலமாக, புல்லும் புதருமாக இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடும் என்று கொள்ளலாம். அதாவது ஏறக்குறைய 40,000 லிட்டர். அதே ஏக்கரில் வீடுகளும் சிமெண்ட் சாலையும் நெருக்கமாக வந்துவிட்டால் ஐந்தில் நான்கு பங்கு ஓடும்: 1,60,000 லிட்டருக்கு மேல். கூடுதலாக ஓடுவது மட்டும் 1,20,000 லிட்டர். கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியைக் கொண்டு அளந்தால் பத்து லாரி. மொத்த மழையில் எத்தனை பங்கு ஓடுகிறது என்பதைக் குறிக்கும் இந்த எண்ணைப் பொறியாளர்கள் ஓட்டக் கெழு என்பார்கள். மேட்டு நிலத்துக்கு அது 0.2, நெருக்கமான குடியிருப்புக்கு 0.8.

நெல் வயலின் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. ஆறு அங்குல உயர வரப்பு கட்டிய ஒரு ஏக்கர் வயல் 6,00,000 லிட்டர் நீரைத் தன்னிடத்திலேயே நிறுத்தி வைக்கும். 50 மில்லிமீட்டர் மழையைப் போல் மூன்று மடங்கு. ஒவ்வொரு வயலும் கணக்கில் வராத ஒரு சிறு நீர்த்தேக்கமாக இருந்திருக்கிறது. அதைக் கட்ட அரசுக்குச் செலவில்லை, பராமரிக்கவும் செலவில்லை. உழவன் தன் பயிருக்காகச் செய்த வேலை கீழேயிருந்த தெருவையும் காத்தது. ஜேசிபி இயந்திரம் ஒரே காலையில் அந்த வரப்புகளை வழித்துவிடுகிறது. பிறகு வெள்ளையடித்த கற்கள் நடப்படுகின்றன. மனை எண் எழுதப்படுகிறது. நுழைவில் ஒரு வளைவு எழுகிறது. விற்பனைத் தாளில் சாலையின் அகலமும் பேருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதும் இருக்கும். அழிந்த ஆறு லட்சம் லிட்டர் கொள்ளளவு எந்தத் தாளிலும் இராது.

கலங்கலும் கோடியும்

ஓடுநீருக்கு விதி என்பது புதுமையான கருத்து இல்லை. ஏரி என்ற அமைப்பே ஒரு விதித்தொகுப்புதான். கலங்கலின் கல்மட்டம் ஏரியில் எவ்வளவு நீர் நிற்கலாம் என்பதைத் தீர்மானித்தது. கலங்கலின் நீளம், மிச்ச நீர் எவ்வளவு வேகத்தில் வெளியேறலாம் என்பதைத் தீர்மானித்தது. மேல் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், கீழ் ஏரிக்கு வரத்து என்பதால், கலங்கல் மட்டத்தை ஒரு ஊர் தன் விருப்பத்துக்கு உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது. உயர்த்தினால் மேலூர் வயல் மூழ்கும். தாழ்த்தினால் கீழூர் அழியும். ஒருவன் நிலத்திலிருந்து வெளியேறும் நீர் அடுத்தவன் தலையில் விழும் என்ற அறிவு அந்தக் கல்லிலேயே பதிந்திருக்கிறது. இன்றைய விதிகளில் இந்த அறிவுதான் குறைவு.

சென்னை மாகாண அரசு 1883-இல் ஏரிப் புனரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த மரபை எண்களாக மாற்றியது. ஒவ்வொரு ஏரிக்கும் நீர்ப்பிடிப்புப் பரப்பு, முழுக் கொள்ளளவு மட்டம், கலங்கலின் நீளம் ஆகியவை அளந்து பதிவு செய்யப்பட்டன. 1884-இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் வகுத்த வாய்பாடு, நீர்ப்பிடிப்பின் பரப்பைக் கொண்டு உச்ச வெள்ளத்தைக் கணக்கிட உதவியது. அந்த வாய்பாட்டின் கெழு எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல என்பது இங்கே முக்கியம். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதற்கு அப்பால் 160 கிலோமீட்டர் வரை 8.5, மலைகளை ஒட்டிய சிறு பரப்புகளுக்கு 10.2. மலையடிவாரத்தில் நீர் அதிக வேகமாக, அதிக உச்சத்தோடு வரும் என்பதை 140 ஆண்டுகளுக்கு முன்பே எண்ணில் எழுதி வைத்தார்கள். இன்று மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் விதி கடற்கரைச் சமவெளிக்கும் பேரணாம்பட்டுச் சரிவுக்கும் ஒன்றேதான். உள்ளூர் விதி ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஒரு ஒப்பீடே போதுமானது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் கலங்கல்களின் நீளம் வயலும் புதரும் நிறைந்த நீர்ப்பிடிப்பை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. நீர்ப்பிடிப்பு கூரையாக மாறும்போது பரப்பு மாறுவதில்லை. வாய்பாட்டில் இடும் எண்ணும் மாறுவதில்லை. வரும் நீர் மட்டும் மாறிவிடுகிறது. ஆவணப்படி சரியாக இருக்கும் கலங்கல், உண்மையில் குட்டையாகிவிடுகிறது.

இப்போதுள்ள விதிகள்

தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற மழைநீர் விதி 2003-இல் வந்தது. கடும் வறட்சிக்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், பழைய கட்டடம் புதிய கட்டடம் என்ற வேறுபாடின்றி எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அவ்வளவு துணிவாகச் செய்யாத காரியம். நிலத்தடி நீர் அதனால் பல இடங்களில் உயர்ந்தது. ஆனால் அது வறட்சிக்காகப் பிறந்த விதி. நீரைச் சேமிப்பது அதன் நோக்கம். வெள்ளத்தைத் தணிப்பது அன்று. கூரையிலிருந்து குழாய் இறங்கி, கூழாங்கல் நிரப்பிய உறிஞ்சு குழிக்குப் போகிறதா என்று மட்டும் அது கேட்கிறது. மனையிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளியேறுகிறது என்று அது கேட்பதில்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சி விதிகளில் இருந்த ஒரு சிறு ஏற்பாடு அந்தக் கேள்விக்கு அருகில் வந்தது: வாயிற்கதவின் குறுக்கே ஏழரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர், மழைநீர் தெருவுக்கு ஓடாமல் தடுப்பதற்காக. விதிகளில் இவ்வளவு எளியதும் பயனுள்ளதும் வேறில்லை. கார் ஏறி இறங்கத் தடையாக இருக்கிறதென்று பெரும்பாலான வீடுகளில் அது கட்டப்படுவதே இல்லை.

மனைப்பிரிவுக்கான அடிப்படைச் சட்டம் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழும் உள்ளாட்சிச் சட்டங்களின் கீழும் 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியிடப்பட்டன. மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி என்பதே அவற்றின் சிறப்பாகச் சொல்லப்பட்டது. நகர் ஊரமைப்பு இயக்ககம் தொழில்நுட்ப ஒப்புதல் தர, நகராட்சியோ ஊராட்சியோ இறுதி ஒப்புதல் தரும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்துத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். நிலத்தின் நடுவே வாய்க்காலோ ஓடையோ போனால், வெள்ளப் பாதிப்பு நோக்கில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும்.

காகிதத்தில் இது குறைவில்லாத ஏற்பாடு. இடைவெளி எங்கே என்றால், நீர்வளத் துறை தன் வாய்க்காலைப் பார்க்கிறது. கட்டட விதி கூரைக் குழாயைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே மனைப்பிரிவின் எல்லை இருக்கிறது. மேட்டு நிலமாக இருந்தபோது அந்த எல்லையை ஏக்கருக்கு 40,000 லிட்டர் தாண்டியது, இப்போது 1,60,000 லிட்டர் தாண்டப்போகிறது என்பதைப் பார்ப்பதற்கு ஒரு மேசையும் இல்லை. முன்பு போன அளவைவிட மிகுதியாக வெளியேறக் கூடாது என்ற ஒற்றை வரி எங்குமே கட்டாயமாக எழுதப்படவில்லை. மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகம் 2019-இல் மழைநீர் வடிகால் கையேடு ஒன்றை வெளியிட்டது. வடிகாலை எப்படிக் கணக்கிடுவது என்று அது விரிவாகவே சொல்கிறது. ஆனால் கையேடு வழிகாட்டும், கட்டாயப்படுத்தாது.

மேற்பார்வையும் மெலிந்தபடியே வருகிறது. 2019 விதிகள் பணி நிறைவுச் சான்றை அறிமுகப்படுத்தியபோதே சிறு குடியிருப்புகளுக்கும் தொழிற்கூடக் கட்டடங்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளித்தன. 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் முன்ஆய்வின்றி இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். சாதாரணக் குடும்பங்களை அலைக்கழிப்பிலிருந்து காப்பாற்றிய நல்ல ஏற்பாடு இது; குறை சொல்வதற்கில்லை. ஆனால் வீடுதோறும் ஆய்வு இல்லையென்றால் ஓடுநீரைத் தாங்கும் பொறுப்பு மனைப்பிரிவின் நிலையிலேயே முடிக்கப்பட்டிருக்க வேண்டும். அது முடிக்கப்படவில்லை.

ஒப்புதலே பெறாத மனைப்பிரிவுகள் தனி வகை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம். நீர்நிலையிலும் வாய்க்காலிலும் அமைந்தவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. தோல் தொழிலாளர் குடும்பங்கள் சீட்டுப் பணத்தில் வாங்கிய மனைகள் பல இவ்வகைப்பட்டவை. வரன்முறை அவர்களுக்குப் பட்டாவையும் வங்கிக் கடனையும் தந்தது, அது நியாயமே. ஆனால் அந்த மனைப்பிரிவுகளின் சாலை இருந்தபடியே ஏற்கப்பட்டது. விடுபட்ட வடிகால் விடுபட்டபடியே சட்டபூர்வமாகிவிட்டது.

ஆக்கிரமிப்பைத் தடுக்க 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது. ஓடைப் புறம்போக்கு பற்றிய எல். கிருஷ்ணன் வழக்கில் உயர் நீதிமன்றம் 2005-இல் அளித்த தீர்ப்பு அதற்கு வழிவகுத்தது. ஆனால் அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளுக்கே பொருந்தும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பேரணாம்பட்டுப் போன்ற மலையடிவாரத்தில் நீரை முதலில் வாங்கும் சிறு ஏரிகளும் குட்டைகளும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

வாய்க்கால் அடைபட அதை யாரும் ஆக்கிரமிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மனைப்பிரிவுச் சாலை வரத்துக்காலைக் கடக்கும் இடத்தில் இரண்டடி விட்டமுள்ள ஒரு சிமெண்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். எட்டடி அகலத்தில் வந்த வாய்க்கால் இரண்டடிக்குள் நுழைய வேண்டும். முதல் மழையில் சருகு வருகிறது. பிறகு பிளாஸ்டிக் பை. அதன்மேல், இந்த ஊருக்கே உரிய பொருளாக, செருப்பு மேல்தோல் வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுத் தோல். நனைந்த தோல் துண்டு குழாயின் வாயில் ஈரச் சாக்குபோல் ஒட்டிக்கொள்ளும். கம்பால் குத்தினாலும் வராது. வருவாய்த் துறையின் புலப்படத்தில் வாய்க்கால் அதே அகலத்தோடு, ஒரு கோடுகூட மாறாமல் இருக்கும்.

2021 நவம்பர்

பாலாற்றுப் படுகையில் வெள்ள நினைவு 1903-லிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பரில் மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியை அழித்து, சுமார் 200 உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு ஆறு வறண்டது, மணல் போனது, வெள்ளம் என்ற சொல்லே பெரியவர்களின் கதையாயிற்று. 2021 நவம்பரில் பாலாற்று அணைக்கட்டைக் கடந்த நீர் நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியபோது நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் கதை மீண்டும் கண்முன் வந்தது.

அதே நாட்களில், நவம்பர் 19 காலை, பேரணாம்பட்டு நகருக்குள் தொடர் மழையில் நனைந்த ஒரு வீடு இடிந்து விழுந்து நான்கு குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர். இந்த மரணங்கள் ஆற்று வெள்ளத்தால் நேர்ந்தவையல்ல. வெள்ளம் என்றவுடன் அதிகாரிகளின் பார்வை ஆற்றங்கரைக்குப் போகிறது. அணை திறப்பு, கரை உடைப்பு, தாழ்வான பகுதி என்று எச்சரிக்கைகள் எழுதப்படுகின்றன. சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் பழைய வீடுகளின் அடியில் நாட்கணக்கில் ஊறும் நீர் எந்த எச்சரிக்கையிலும் இல்லை. ஒரு வீடு இடிவதற்கு அதன் வயது, கட்டுமானம், அண்டைச் சுவர் எனப் பல காரணங்கள் சேரும். ஓடுநீர் விதி இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் அஸ்திவாரத்தைச் சுற்றி நீர் நிற்காமல் வடிய வழி செய்வதும் மழைநீர் விதியின் வேலைதான் என்பதை அந்தக் காலை மறக்க முடியாதபடி காட்டியது.

தோல் ஊரின் தனிக் கணக்கு

மற்ற ஊர்களில் ஓடுநீரின் அளவுதான் பிரச்சினை. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்ற இந்தத் தோல் வட்டாரத்தில் அளவோடு சேர்த்து அதன் தன்மையும் பிரச்சினை.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டே கொண்டுவரப்படுகிறது; தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பு ஏறும். தொழிற்கூடத்தில் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. உதறிய உப்பு அழுக்கும் மயிரும் கலந்து பழுப்பாக முற்றத்தில் குவியும். அப்பால் சுண்ணாம்புக் கசடு; சுரண்டிய சதை; குரோமியத்தில் பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் நீலச் சீவல். உள்ளே உருளும் டிரம்முகளிலிருந்து வெளிவரும் கழிவுநீர் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். முற்றம் அப்படியே கிடக்கும். ஐப்பசியின் முதல் மழையில் அந்த உப்புக் குவியல் ஓரத்திலிருந்து கரையத் தொடங்குகிறது. கலங்கிய நீரின் மேல் நுரை மிதக்கிறது. வாசல் வழியே தெருச் சாக்கடைக்கும் அங்கிருந்து ஓடைக்கும் போகிறது. டிரம்முக்குள் சுழன்ற நீருக்கு மீட்டர் உண்டு, கட்டணம் உண்டு, ஆய்வு உண்டு. முற்றத்தைக் கழுவிய மழைக்கு ஒன்றுமில்லை.

இந்த மண் ஏற்கெனவே பட்ட பாட்டை உச்ச நீதிமன்றத்தின் ஏடுகளே சொல்லும். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வைப் பதிவு செய்கிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது இந்த வழக்கில்தான். ஆறுகள் முதலிய நீர்ஆதாரங்களிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழில்கள் புதிதாகத் தொடங்கப்படக் கூடாது என்ற 1989 மார்ச் 30 அரசாணையையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகியதற்கும், பின்னாளில் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை வந்ததற்கும் பின்னணி இதுவே. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று அதே வட்டாரத்துக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீட்டுக்கும் சூழல் மீட்புக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இவ்வளவு சட்டப் போராட்டமும் கழிவுநீரைச் சுற்றியே நடந்தது. சேமித்து வைத்த கழிவும் மழையும் சந்திக்கும் இடம் போதிய கவனம் பெறவில்லை. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கசடு திறந்தவெளியில் குவிந்ததும், ஒவ்வொரு மழையிலும் மஞ்சள் நீர் கசிந்ததும் ஊரறிந்தவை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிய 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்று மழையில்லை. தேங்கிய கழிவின் எடையைத் தாங்கும் சுவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி என்பது தீங்காகவே முடியலாம். மழைநீர் சேகரிப்பு விதி எல்லாக் கட்டடங்களுக்கும் பொது. தோல் தொழிற்கூடத்துக்கும் உண்டு. கூரை நீரை உறிஞ்சு குழிக்கு விடுவது நல்லது. முற்றத்து நீரையும் அதே குழிக்கு விட்டால், உப்பையும் குரோமியத்தையும் நேராக நிலத்தடிக்கு அனுப்ப அரசே வழிசெய்ததாகும்.  பாறைப் பிளவுக்குள் போன உப்பைத் திரும்ப எடுப்பது மிகவும் கடினம். எனவே இந்த ஊருக்கான முதல் விதி, கூரை நீரையும் முற்றத்து நீரையும் பிரிப்பது.

அமெரிக்காவில் தொழிற்கூட வளாகங்களின் மழைநீருக்கே 1990 முதல் தனி அனுமதி உண்டு. அங்கே பல தொழில்களுக்கும் பொதுவாக வகுத்த அனுமதியில் தோல் பதனிடுதலுக்கென ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. தோலும் துணைப்பொருளும் குவிக்கும் இடம், சீவல் விழும் இடம், ரசாயனம் இறக்கும் இடம், கழிவு வைக்கும் இடம் ஆகியவற்றை மழை தொடாமல் வைப்பது எப்படி என்று அது வகுத்துச் சொல்கிறது. உப்பு உதறும் இடத்துக்கும் கசடு மேடைக்கும் கூரை போடுவது, சுற்றிலும் சிறு கட்டுச்சுவர் எழுப்புவது, வாசலுக்கு முன் ஒரு குறுக்குக் கால்வாய் வெட்டுவது ஆகியவற்றுக்குப் பெரிய பொறியியல் வேண்டியதில்லை. முதல் மழையே மிகுந்த அழுக்கைச் சுமக்கும் என்பதால் அதைத் தனியே பிடிக்க வேண்டும். அரை ஏக்கர் முற்றத்தில் விழும் முதல் 10 மில்லிமீட்டர் மழை ஏறக்குறைய 20,000 லிட்டர். ஒரு நடுத்தர அளவுத் தொட்டி போதும். அதைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மெல்ல அனுப்பலாம். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணையில் நிபந்தனை விதிக்கும் அதிகாரம் ஏற்கெனவே உண்டு. புதுச் சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

உள்ளூர் விதி எப்படி அமையலாம்

ஓடுநீருக்கு எல்லையிலேயே அளவு விதிப்பது உலகில் பழகிப்போன முறை. சிங்கப்பூரில் 2014 ஜனவரி முதல், 0.2 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கர் அளவிலும் அதற்கு மேலும் உள்ள வளர்ச்சிப் பணிகள் உச்ச ஓடுநீரைத் தம் எல்லைக்குள்ளேயே தணிக்க வேண்டும். ஓட்டக் கெழு 0.55-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் இரண்டாம் கட்ட மழைநீர் விதிகள் 1999-இல் வந்தபோது, ஒரு ஏக்கருக்கு மேல் மண்ணைக் கிளறும் எந்தப் பணியும் ஓடுநீர்க் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிளறிய மண் மழையில் கரைந்து ஓடையைத் தூர்ப்பதையும் அந்த விதிகள் தடுக்க முயல்கின்றன. ஜேசிபி வேலை முடிந்த மனைப்பிரிவின் செம்மண் முதல் பருவத்திலேயே கீழ் ஏரியின் மடியில் வண்டலாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு அதன் தேவை விளங்கும்.

தமிழ்நாட்டில் இதற்கான இடம் விதிக்குள்ளேயே தயாராக இருக்கிறது. மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளி என்ற நிபந்தனையை மேலே கண்ட கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் கூடுதலாக ஓடுவது 1,20,000 லிட்டர். சாலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் பத்து சதவீதப் பரப்பு 405 சதுர மீட்டர். அந்த நீரை அந்தப் பரப்பில் நிறுத்தினால் ஆழம் 30 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓரடி; சாலைகளைக் கழித்தால் ஆழம் சற்றுக் கூடும். மனைப்பிரிவு எத்தனை ஏக்கராக இருந்தாலும் விகிதம் மாறாது. பூங்காவை அக்கம்பக்கச் சாலையைவிட ஓரடி பள்ளமாக அமைத்து, சாலை நீரை அதற்குள் திருப்பி, மறுமுனையில் சிறு குழாய் வழியே மெல்ல வெளியேற்றினால் 50 மில்லிமீட்டர் மழை வரை அந்த மனைப்பிரிவு மேட்டு நிலமாக இருந்தபோது எப்படி நடந்ததோ அப்படியே நடக்கும். ஆண்டில் சில நாட்கள் பூங்காவில் ஓரடி வரை நீர் நிற்கும். மற்ற நாட்களில் பிள்ளைகள் விளையாடலாம். செலவு, மண்ணை வெட்டுவது மட்டுமே. வழக்கத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: வீட்டு அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையெல்லாம் கொட்டிப் பூங்காவைத்தான் முதலில் மேடாக்குகிறார்கள். அந்த மேட்டிலிருந்தும் நீர் சாலைக்கு இறங்குகிறது. சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் சில பூங்காக்களுக்குள் குளம் வெட்டி மழைநீரைத் தாங்கச் செய்திருக்கிறது. ஏற்கெனவே மேடான பூங்காவைப் பிறகு தோண்டுவதைவிடத் தானப் பத்திரம் எழுதும் நாளிலேயே மட்டத்தைக் குறித்துவிடுவது எளிது.

உள்ளூர் விதியில் எழுதப்பட வேண்டிய மற்றவை சுருக்கமானவை. ஒப்புதல் வரைபடத்தில் மனைப்பிரிவுக்குள் போகும் வாய்க்காலை மட்டும் காட்டினால் போதாது; மேலிருந்து எங்கே வருகிறது, கீழே எந்த ஏரிக்குப் போகிறது என்பதும் வரையப்பட வேண்டும். வாய்க்காலைச் சாலை கடக்கும் இடத்தில் குழாய்க்குப் பதில் வாய்க்காலின் முழு அகலத்துக்குச் சிறுபாலம் வேண்டும். சரிவு மிகுந்த இடத்தில் சாலை சரிவோடு நேராக இறங்கினால் அதுவே ஓடையாகிவிடும்; குறுக்காக அமைந்தால் நீர் தணியும். மலையடிவாரத்துக்கு, ரைவ்ஸ் செய்ததுபோல, கூடுதல் கெழு வேண்டும். 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்திருப்பதால், நகராட்சி மன்றம் தன் ஊருக்கான துணைவிதிகளை எழுத வாய்ப்பு திறந்திருக்கிறது. ஊர் எல்லைக்கு வெளியேயுள்ள ஊராட்சிகளில்தான் புதிய மனைப்பிரிவுகள் அதிகம் எழுகின்றன. நீரோ நகராட்சி எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. எனவே நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் மலட்டாற்றின் நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் ஒரே அளவைத் தீர்மானித்துக்கொள்வதே பொருந்தும்.

கடைசியாகப் பராமரிப்பு. தானப் பத்திரம் எழுதியவுடன் சாலையும் பூங்காவும் வடிகாலும் உள்ளாட்சியுடையவை. மனை விற்றவர் வெளியேறிவிடுவார். பள்ளப் பூங்காவில் படியும் வண்டலை ஆண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டும். வெளியேற்றும் குழாயின் வாயில் கம்பிவலை இருக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒருவர் நேரில் போய் அந்த வலையைப் பார்க்க வேண்டும். ஒப்புதலின்போதே மனைப்பிரிவாளரிடம் ஒரு வைப்புத்தொகை பெற்று, அதன் வட்டியை இந்த வேலைக்கென ஒதுக்குவது நடக்கக்கூடிய காரியம். முன்பு ஏரிப் பாசனத்தார் மழைக்கு முன் மண்வெட்டியோடு வரத்துக்காலில் இறங்கிய அதே பருவத்தில், அதே வேலைக்காக, நகராட்சியின் பணிப் பட்டியலில் ஒரு தேதியும் ஒரு பெயரும் எழுதப்பட வேண்டும்.